மேசையில் பரப்பிப் பார்ப்பது: கெஸ்டால்ட் விதிகளைக் கோச்சிங்கில் பயன்படுத்தும் முறை

11 ஆண்டுகள் ஒரு பதிப்பகத்தில் புரூஃப் பார்க்கும் வேலையில் இருந்தேன். அங்கே முதலில் கற்றுக்கொண்டது, சொந்தக் கண்ணை நம்பக்கூடாது என்பது. ஒரு சொல்லில் ஓர் எழுத்து விடுபட்டிருக்கும். மூன்று முறை படித்திருப்பேன், தெரிந்திருக்காது. கண் அந்த இடத்துக்குப் போய்ச் சேருவதற்குள் மனம் அந்த எழுத்தைப் போட்டு நிரப்பிவிடும். அதனால் கடைசி வரியில் தொடங்கி மேல்நோக்கிப் படிக்கப் பழகினோம். பொருள் அறுந்தால்தான் எழுத்து எழுத்தாகத் தெரியும்.

கோச்சிங்குக்கு, அதாவது வேலையிலும் வாழ்க்கையிலும் சிக்கலோடு வருபவரோடு உட்கார்ந்து பேசி, அவரே வழி காண உதவும் வேலைக்கு வந்தபின், எதிரில் உட்கார்ந்திருப்பவரும் தன் வாழ்க்கையை இதே மாதிரிதான் படிக்கிறார் என்று புரிந்தது. "மேலதிகாரிக்கு என்னைப் பிடிக்காது" என்பார். எப்படித் தெரியும் என்று கேட்டால், கண்ணால் கண்டது இரண்டே இரண்டு சம்பவங்கள். மீதியை மனம் நிரப்பியிருக்கும். அவர் பொய் சொல்வதில்லை. விடுபட்ட எழுத்து எனக்கு அங்கே இருப்பதாகவே தெரிந்தது போல, அவருக்கும் அது தெரிகிறது.

மனம் இப்படித் துண்டுகளைச் சேர்த்து முழுமையாக்கிக்கொள்ளும் விதத்தை முறையாக ஆராய்ந்தவர்கள் கெஸ்டால்ட் உளவியலாளர்கள். நம் பாடநூல்களில் 'முழுமைக் காட்சி' என்ற பெயரில் வருவது இதுதான். ஒரு மேசையும் கொஞ்சம் துண்டுச்சீட்டுகளும் வைத்துக்கொண்டு, ஒருவரோடு ஒருவராக உட்கார்ந்து செய்யும் கோச்சிங்கில் அவர்களுடைய விதிகளை எப்படிக் கையாள்வது என்று எழுதுகிறேன். ஒன்பது ஆண்டுகளாக நான் செய்துவரும் முறை இது. ஒருவரிடம் எதையாவது மாற்றச் சொல்வதற்கு முன்னால், தன் முன் கிடப்பவற்றைத் தான் எப்படி அடுக்கி வைத்திருக்கிறோம் என்பதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நம்புகிறேன். பல நேரம் அடுக்கு மாறினாலே போதும், அறிவுரைக்கு வேலை இருக்காது.

கீழே வருபவர்களின் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

சீட்டை எடுக்கும் முன்: ஒரு மெட்டு

1890-இல் ஆஸ்திரியத் தத்துவவாதி கிறிஸ்டியான் ஃபான் ஏரன்ஃபெல்ஸ் ஓர் எளிய விஷயத்தைக் கவனித்தார். ஒரு பாட்டைச் சுருதி ஏற்றிப் பாடினால் காதில் விழும் ஒவ்வோர் ஒலியும் மாறிவிடுகிறது. ஆனாலும் அதே பாட்டு என்று குழந்தைக்குக்கூடத் தெரிகிறது. அப்படியானால் பாட்டு இருப்பது ஒலிகளுக்கு இடையிலான உறவில். 1912-இல் உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் இதை இன்னும் தூரம் கொண்டுபோனார். அடுத்தடுத்து ஒளிரும் இரண்டு கோடுகளைக் காட்டினால், சரியான இடைவேளையில், ஒரே கோடு நகர்வதாகத் தெரிகிறது. இரண்டு கோடுகளிலும் இல்லாத அசைவை மனம் பார்க்கிறது. அந்தச் சோதனையில் பார்வையாளர்களாக உட்கார்ந்தவர்கள் வுல்ஃப்காங் கோலரும் குர்ட் காஃப்காவும். மூவரும் சேர்ந்துதான் கெஸ்டால்ட் என்ற சிந்தனைப் பள்ளியை வளர்த்தார்கள். பாகங்களின் கூட்டுத்தொகையைவிட முழுமை 'அதிகம்' என்று பலர் சொல்வதைக் காஃப்கா ஏற்கவில்லை. முழுமை 'வேறு' என்றுதான் அவர் சொன்னார்.

கோச்சிங்கில் எனக்கு இதிலிருந்து கிடைத்தது ஒரே ஒரு கேள்வி, ஆனால் மிகவும் பயன்பட்ட கேள்வி. ஐந்து ஆண்டுகளில் மூன்று வேலை மாற்றிய ஒருவர் வந்தார். மேலதிகாரி மாறியாயிற்று, துறை மாறியாயிற்று, சம்பளம் கூடியாயிற்று. எட்டாவது மாதத்தில் அதே சலிப்பு. ஒலிகள் எல்லாம் மாறியும் மெட்டு மாறவில்லை. "இதே மெட்டை இதற்கு முன் எங்கே கேட்டீர்கள்?" என்று கேட்டேன். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு, அதற்கு முன் பள்ளியில் ஒரு போட்டித் தேர்வு என்று சொல்லிக்கொண்டே போனார். ஒவ்வொன்றிலும் வேலையைக் கற்றுக்கொண்டிருக்கும் வரை உற்சாகம். கற்று முடித்ததும் வெளியேறும் வேகம். அடுத்த வேலையைத் தேடுவதற்கு முன், இருக்கும் வேலையிலேயே புதிதாகக் கற்க என்ன இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினார்.

முதல் சந்திப்பிலேயே இந்தக் கேள்வியைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள், பிறகு தானாக வரும்.

ஒன்றை நேராகச் சொல்லிவிட வேண்டும். வெர்தைமர் 1923-இல் வகுத்த அண்மை (அருகருகே இருப்பவற்றை ஒரு கூட்டமாகப் பார்ப்பது), ஒப்புமை (ஒரே சாயலில் இருப்பவற்றைச் சேர்த்துப் பார்ப்பது), தொடர்ச்சி (கோடு ஒரே போக்கில் தொடர்வதாகப் பார்ப்பது), நிறைவு (விடுபட்டதை நிரப்பி முழுமையாகப் பார்ப்பது) போன்ற விதிகள் புள்ளிகளையும் கோடுகளையும் நாம் பார்க்கும் விதத்தைப் பற்றியவை. மனிதரின் கவலைகளுக்கும் அவை அப்படியே பொருந்தும் என்று அந்தச் சோதனைகள் காட்டவில்லை. நான் அவற்றை இரவல் வாங்கிக் கேள்விகளாக ஆக்கிக்கொள்கிறேன். "ஆராய்ச்சியே சொல்கிறது, உங்கள் பிரச்சினை இதுதான்" என்று எதிரில் இருப்பவரிடம் சொல்லாதீர்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. கெஸ்டால்ட் உளவியல் வேறு, கெஸ்டால்ட் சிகிச்சை வேறு. சிகிச்சை முறை 1940-களிலும் 50-களிலும் ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ், லாரா பெர்ல்ஸ், பால் குட்மன் ஆகியோர் உருவாக்கியது. பெயரையும் சில கருத்துகளையும் உளவியலிலிருந்து எடுத்துக்கொண்டது. வெற்று நாற்காலியோடு பேசச் சொல்லும் உத்தி அதில் புகழ்பெற்றது. அந்த உத்தியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மேசையைத் தயார் செய்வது

ஒரே அளவில், ஒரே நிறத்தில் நாற்பது துண்டுச்சீட்டுகள். ஒரே பேனா. வண்ணச் சீட்டுகள் அழகாக இருக்கும், ஆனால் வேண்டாம். ஒரே நிறத்தில் இருப்பவற்றைக் கண் ஒரு கூட்டமாகச் சேர்த்துவிடும். அப்புறம் மேசையில் தெரிவது நீங்கள் வாங்கிவந்த நிறங்களின் ஒழுங்கு, வந்தவருடைய மனத்தின் ஒழுங்கு அடியில் புதைந்துவிடும். கோடு போட்ட தாளும் வேண்டாம். கோடு இருந்தால் பட்டியல் வரும். பட்டியல் வந்தால் மேலே இருப்பது முக்கியம், கீழே இருப்பது அற்பம் என்று ஆகிவிடும்.

எதிரெதிரே உட்காராதீர்கள். மேசையின் ஒரே பக்கத்தில், கொஞ்சம் விலகி, இருவரும் ஒரே திசையில் பார்க்கும்படி உட்காருங்கள்.

12 நிமிடம் கொடுப்பேன். "இப்போது மனத்தில் இருப்பதையெல்லாம் ஒரு சீட்டுக்கு ஒன்று என்று எழுதுங்கள். இரண்டு மூன்று சொல் போதும். எழுதியதும் மேசையில் எங்கே தோன்றுகிறதோ அங்கே வையுங்கள்." இவ்வளவுதான். எது முக்கியம் என்று கேட்க மாட்டேன். அவர் எழுதும்போது சீட்டைப் படிக்கவும் மாட்டேன், கை எங்கே போகிறது என்று மட்டும் பார்ப்பேன்.

கைபேசியில் குறித்தால் போதாதா என்று கேட்கிறார்கள். போதாது. கோலர் 1913 முதல் 1920 வரை டெனரீஃப் தீவில் சிம்பன்சிகளோடு வேலை செய்தார். சுல்தான் என்ற சிம்பன்சி, எட்டாத பழத்தை எடுக்க இரண்டு குச்சிகளை ஒன்றில் ஒன்று செருகி நீளமாக்கியது பலருக்குத் தெரிந்த கதை. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரியவந்தது. பழமும் குச்சியும் ஒரே பார்வையில் படும்படி இருந்தால் விடை எளிதாக வந்தது. குச்சி முதுகுக்குப் பின்னால் கிடந்தால் கடினமானது. கைபேசித் திரையில் ஏழு வரி தெரியும், மீதி முதுகுக்குப் பின்னால் போய்விடும். மேசையில் எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரிய வேண்டும், இந்த முறையின் பாதி பலம் அதில்தான் இருக்கிறது.

எது எதன் பக்கத்தில்

எழுதி முடித்ததும் ஒரு நிமிடம் இருவரும் பேசாமல் பார்க்க வேண்டும். கோச் வேலையில் புதிதாக இருப்பவர்களுக்கு அந்த ஒரு நிமிடம்தான் கடினம். வாயைத் திறக்காதீர்கள்.

பிறகு அண்மை. கூட்டத்தில் பேசப் பயம் என்று ஒருவர் வந்தார், நாற்பதைத் தாண்டியவர், நல்ல பதவியில் இருப்பவர். 34 சீட்டு எழுதினார். வேலை தொடர்பான சீட்டுகள் எல்லாம் வலப்பக்கம் இருந்தன. 'கூட்டத்தில் பேசுவது' என்ற சீட்டு மட்டும் இடது மூலையில், 'அண்ணன்' என்ற சீட்டின் மேல் பாதி ஏறிக் கிடந்தது. நான் கேட்டது: "இவை இரண்டும் ஒட்டிக் கிடக்கின்றன. இடம் இல்லாமல் அங்கே வைத்தீர்களா?"

இந்தப் பின்பாதிக் கேள்வியை எப்போதும் சேர்த்துக் கேளுங்கள். சில நேரம் உண்மையிலேயே இடம் இல்லாமல்தான் வைத்திருப்பார்கள். அருகருகே கிடப்பதற்கெல்லாம் ஆழமான காரணம் தேடினால் நீங்கள் குறி சொல்பவராகிவிடுவீர்கள்.

அவர் நெடுநேரம் பார்த்தார். "வீட்டில் அண்ணன் பேசும்போது நான் வாயைத் திறக்க மாட்டேன்" என்றார். நான் அண்ணனைப் பற்றி மேற்கொண்டு கேட்கவில்லை. "அந்தச் சீட்டை எடுத்து வேறு எதன் பக்கத்திலாவது வைத்துப் பாருங்கள்" என்றேன். 'பட்ஜெட்' பக்கத்தில் வைத்தார், எடுத்துவிட்டார். 'நான் தயாரித்த அறிக்கைகள்' பக்கத்தில் வைத்தார். "இங்கே வைத்தால் இது சின்னதாகத் தெரிகிறது, மேடம்" என்றார். அடுத்த கூட்டத்தில் தான் தயாரித்த அறிக்கையைப் பற்றி மட்டும் இரண்டு நிமிடம் பேசுவது என்று முடிவானது. பேசினார். கை நடுங்கியது என்றார், ஆனால் பேசினார்.

சீட்டை நகர்த்துவது எப்போதும் அவர் கையாக இருக்க வேண்டும். நீங்கள் ஒரு விரலால் தள்ளினாலும் அது உங்கள் அடுக்காகிவிடும்.

ஒப்புமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "நான் எதையும் முடிப்பதில்லை" என்று ஒரு பெண் சொன்னார். பாதியில் விட்ட மொழி வகுப்பு, தையல், ஒரு சான்றிதழ்ப் படிப்பு, வலைப்பூ எல்லாவற்றையும் ஒரு கொத்தாக வைத்திருந்தார். எல்லாம் 'பாதியில் நின்றவை' என்ற ஒரே சாயல். "வேறு ஏதாவது சாயலை வைத்து மறுபடி பிரியுங்கள்" என்றேன். யார் சொல்லித் தொடங்கினோம் என்று பார்த்துப் பிரித்தார். நின்றுபோன நான்கில் மூன்று, மற்றவர் சொல்லித் தொடங்கியவை. தானே விரும்பித் தொடங்கியவற்றில் நின்றது வலைப்பூ மட்டும். மேசையின் இன்னொரு மூலையில் அவர் முடித்திருந்த ஆறு வேலைகள் கிடந்தன, அவற்றை எண்ணிக்கையிலேயே சேர்த்திருக்கவில்லை. இரண்டு முறையாவது வேறு வேறு அளவுகோலில் பிரிக்கச் சொல்லுங்கள். முதல் பிரிப்பு பழக்கத்தில் வருவது.

கோடும் புள்ளிக்கோடும்

நிறைவு விதி எனக்கு மிகவும் நெருக்கமானது, புரூஃப் நாட்களிலிருந்தே. வட்டத்தில் ஒரு பகுதி அழிந்திருந்தாலும் வட்டமாகவே பார்க்கிறோம். அது இல்லாவிட்டால் வாழவே முடியாது, பாதி கேட்ட சொல்லை வைத்து முழு வாக்கியத்தைப் புரிந்துகொள்வது அதனால்தான். தவறு நேர்வது, எது பார்த்தது, எது நிரப்பியது என்ற எல்லை அழிந்துபோகும்போது.

இதற்கு நான் செய்வது: ஒரு பெரிய தாளில் அவர் சொல்லும் நிகழ்வை ஒரு வட்டமாக வரையச் சொல்வேன். கண்ணால் கண்டதற்கும் காதால் கேட்டதற்கும் அழுத்தமான கோடு. தானே ஊகித்ததற்குப் புள்ளிக்கோடு. ஒவ்வொரு துண்டின் பக்கத்திலும் அது என்ன என்று எழுத வேண்டும்.

தன் யோசனையை மேலதிகாரி குப்பையில் போட்டுவிட்டார் என்று வருந்திய ஒருவர் வரைந்ததைச் சொல்கிறேன். மின்னஞ்சல் அனுப்பினேன்: கோடு. ஒன்பது நாளாகப் பதில் இல்லை: கோடு. படித்தார்: கோடு போட்டார். "படித்ததைப் பார்த்தீர்களா?" என்று கேட்டேன். அழித்துப் புள்ளியாக்கினார். பிடிக்கவில்லை: புள்ளி. என்னைத் தவிர்க்கிறார்: புள்ளி. "தவிர்ப்பதை எதில் பார்த்தீர்கள்?" நடைகூடத்தில் பேசாமல் போனார் என்றார். சரி, அந்தச் சிறு துண்டு மட்டும் கோடு. முடிவில் வட்டத்தில் மூன்று குட்டிக் கோடுகள், சுற்றிலும் புள்ளிகள்.

இந்த இடத்தில் பல கோச்கள் அவசரப்பட்டு, "பார்த்தீர்களா, எல்லாம் உங்கள் கற்பனை" என்று சொல்லிவிடுகிறார்கள். அது பெரிய தவறு. புள்ளிக்கோடு பொய் என்று அர்த்தமில்லை. மேலதிகாரிக்கு உண்மையாகவே பிடிக்காமல் இருக்கலாம். புள்ளிக்கோடு என்றால் இன்னும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அடுத்த கேள்வி: "இதில் எந்தப் புள்ளியைக் கோடாக்க, அல்லது அழிக்க, இந்த வாரம் ஒரு வழி இருக்கிறது?" அவர் போய் நேரில் கேட்டார். மேலதிகாரி அஞ்சலைத் திறக்கவே இல்லை. இன்னொருவர் இதே போலப் போய்க் கேட்டு, உண்மையிலேயே பிடிக்கவில்லை என்று தெரிந்துகொண்டு வந்தார். அவருக்கும் அது உதவியது, காரணத்தைக் கேட்டுத் திருத்தி எழுத முடிந்தது.

இந்தப் பயிற்சியை நீங்களும் உங்களுக்குச் செய்துகொள்ள வேண்டும். எதிரில் இருப்பவரைப் பற்றி உங்கள் குறிப்பேட்டில் எழுதுவதில் எவ்வளவு புள்ளிக்கோடு? நான் ஒவ்வொரு சந்திப்புக்குப் பின்னும் என் குறிப்புகளில் ஊகமாக எழுதியவற்றின் அடியில் புள்ளி வைக்கிறேன். பக்கத்தில் பாதிக்கு மேல் புள்ளி இருந்தால், அன்று நான் சரியாகக் கேட்கவில்லை என்று தெரிந்துகொள்வேன்.

பின்னணிக்கு வடிவம் கொடுப்பது

டென்மார்க்கின் உளவியலாளர் எட்கர் ரூபின் 1915-இல் வெளியிட்ட ஆய்வில் வரும் படம் எல்லோருக்கும் தெரியும்: ஒரு கணம் பூச்சாடி, மறுகணம் எதிரெதிரே இரண்டு முகங்கள். கோச்சிங் வகுப்புகளில் இதைக் காட்டி, "எல்லாவற்றுக்கும் இரண்டு பக்கம் உண்டு" என்று சொல்லி நகர்ந்துவிடுவார்கள். அதில் அதைவிட அதிகம் இருக்கிறது.

ரூபின் கவனித்தவற்றில் இரண்டு எனக்கு வேலையில் உதவுகின்றன. முதலாவது, எல்லைக்கோடு எப்போதும் உருவத்துக்குச் சொந்தம். பின்னணிக்கு வடிவமே இல்லாதது போல, உருவத்துக்குப் பின்னாலும் அது பரந்து கிடப்பது போலத் தெரியும். இரண்டாவது, சாடியையும் முகங்களையும் மாறி மாறித்தான் பார்க்க வருகிறது.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். ஓர் இளைஞர் ஒரு மணி நேரமும் தன் அலுவலகத்தைப் பற்றியே பேசினார். யார் என்ன சொன்னார், எந்தத் தேதியில், எந்த அறையில் என்று எல்லாம் கூர்மையாக இருந்தது. வீட்டில் எப்படி என்று கேட்டேன். "எல்லாரும் நல்லா இருக்காங்க" என்றார். அதில் ஒளிப்பு எதுவும் இல்லை. அவருக்கு வீடு பின்னணி, அதற்கு வடிவம் இல்லை. வடிவமில்லாததைப் பற்றிக் கேட்டால் வடிவமில்லாத பதில்தான் வரும்.

அதனால் பின்னணியைப் பற்றிக் கேட்கும்போது எல்லை போட்டுக் கேளுங்கள். "நேற்று மாலை 7 மணிக்கு எங்கே இருந்தீர்கள்? அந்த அறையில் வேறு யார்? அவர் கடைசியாகச் சொன்ன வாக்கியம் என்ன?" அவரால் மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அம்மா ஏதோ சொன்னார், என்னவென்று நினைவில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்தார். அந்த மாலை வீட்டுக்குப் போய், "நேற்று என்ன சொன்னீங்க?" என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார். மூன்றாவது சந்திப்பில் அலுவலகம் அவர் பேச்சில் பாதியாகக் குறைந்தது, அலுவலகத்தில் எதுவும் மாறாமலே.

இரண்டாவது, மாறி மாறி என்பது. "உங்கள் பக்கத்தையும் கணவர் பக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள்" என்று கேட்டால் மனம் திணறும். ஐந்து நிமிடம் முழுக்க ஒருவர் பக்கம் மட்டும். அப்போது மற்றவருக்கு நியாயம் செய்ய வேண்டியதில்லை. பிறகு எழுந்து, நாற்காலியை நகர்த்திப் போட்டு, ஐந்து நிமிடம் மற்றப் பக்கம். கடிகாரம் வையுங்கள். இரண்டையும் கடைசியில் சமரசம் செய்துவைக்க முயலாதீர்கள். ஒருமுறை மாறிப் பார்க்க வந்துவிட்டால், பிறகு அவர் தானாகவே மாறிப் பார்ப்பார். படத்திலும் அப்படித்தானே.

பெட்டியைக் காலி செய்வது

கெஸ்டால்ட் உளவியலாளர் கார்ல் டுங்கரின் மெழுகுவத்திப் புதிரை இங்கே பயன்படுத்துகிறேன். ஒரு மெழுகுவத்தி, தீக்குச்சிகள், ஒரு பெட்டி நிறைய அழுத்தாணிகள். மெழுகுவத்தியைச் சுவரில் நிற்கவைக்க வேண்டும். பெட்டியையே சுவரில் குத்தித் தாங்கியாக்குவது விடை. பெட்டிக்குள் ஆணிகள் நிறைந்திருந்தால் அது தாங்கியாகக் கண்ணில் படுவதில்லை. காலியாக வைத்தால் பலருக்கும் சட்டென்று தெரிந்துவிடுகிறது.

மேசையில் ஆணி நிறைந்த பெட்டிகளைத் தேடுங்கள். 'என் பொறுமையின்மை' என்று ஒரு சீட்டு வந்தால், அது ஏற்கெனவே குறை என்ற பொருளால் நிரம்பியிருக்கிறது. அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெயர் இல்லாமல், நடப்பதை மட்டும் புதிய சீட்டில் எழுதச் சொல்வேன். "வேலை தாமதமானால் மூன்றாவது நாளே போன் செய்துவிடுவேன்" என்று ஒருவர் எழுதினார். அதைப் பார்த்துவிட்டு, குழுவில் தொடர்ந்து விசாரிக்கும் பொறுப்பைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார்.

தள்ளுவதும் தடுப்பதும்

கெஸ்டால்ட் பள்ளிக்கு நெருக்கமாக இருந்த குர்ட் லெவின், மனிதரின் நடத்தையை அவரைச் சுற்றியுள்ள களத்தோடு சேர்த்தே பார்த்தார். முன்னே தள்ளும் விசைகள், தடுக்கும் விசைகள். தள்ளுவதைக் கூட்டினால் இறுக்கமும் கூடுகிறது. தடுப்பதைக் குறைத்தால் அதே நகர்வு இறுக்கமில்லாமல் நடக்கிறது.

செய்முறை எளிது. விரும்பும் விஷயத்தின் சீட்டை நடுவில் வையுங்கள். தள்ளுபவை கீழே, தடுப்பவை மேலே. ஏறக்குறைய எல்லோரும் கீழே இன்னொரு சீட்டைச் சேர்க்கத்தான் கை நீட்டுவார்கள்: இன்னொரு அலாரம், இன்னொரு சபதம். அங்கே நிறுத்தி, மேலே இருப்பதில் மிகச் சிறியதைக் காட்டச் சொல்லுங்கள். காலையில் எழுத வேண்டும் என்று விரும்பியவருக்குத் தடையாக இருந்தது, இரவில் எழுதும் மேசைமேல் துவைத்த துணி குவிவது. துணிக்கு வேறு இடம் பார்த்ததோடு இரண்டு அலாரத்தை எடுத்துவிட்டார்.

முடியாமல் தொங்குபவை

லெவினின் மாணவி புளூமா ஸைகார்னிக் 1927-இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் இருபது சிறு வேலைகளைக் கொடுத்து, பாதியை இடையில் நிறுத்தினார். நிறுத்தப்பட்டவையே ஏறக்குறைய இரண்டு மடங்கு நினைவில் நின்றன. பின்னால் வந்த ஆய்வுகளில் இந்த நினைவு வேறுபாடு எல்லா நேரமும் கிடைக்கவில்லை, அதனால் அதன்மேல் நான் பெரிதாகச் சாய்வதில்லை. அதே குழுவின் மரியா ஒவ்ஸியான்கினா 1928-இல் காட்டியது உறுதியாக நிற்கிறது: இடையில் நிறுத்தப்பட்ட வேலையை, யாரும் சொல்லாமலே, பலனும் இல்லாமலே, மனிதர்கள் திரும்பப் போய் முடிக்கப் பார்க்கிறார்கள்.

மேசையில் இருக்கும் முடியாத விஷயங்களை மூன்றாகப் பிரிக்கச் சொல்வேன்: முடிப்பது, கைமாற்றுவது, கைவிடுவது. கைவிடுவதை மனத்துக்குள் செய்தால் போதாது. யாருக்காவது சொல்ல வேண்டும், அல்லது சீட்டில் தேதியோடு 'இதை நிறுத்துகிறேன்' என்று எழுத வேண்டும். 14 ஆண்டுகளாக ஆய்வுப் பட்டம் முடிக்காத ஒருவர் அப்படி எழுதிவிட்டு, அலமாரியில் இருந்த கோப்புகளை ஒரு நண்பரின் மாணவருக்குக் கொடுத்தார். முடிப்பவை பக்கம் வரும் சீட்டுகளில் 'எப்போது, எங்கே, முதல் செயல் என்ன' என்று எழுதவையுங்கள். உளவியலாளர்கள் மாசிகாம்போவும் பௌமைஸ்டரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், முடியாத குறிக்கோள் மற்ற வேலைகளில் குறுக்கிடுவது, தெளிவான திட்டம் எழுதிய பிறகு குறைந்தது. வேலையை அன்றே முடிக்க வேண்டியதில்லை என்பது பலருக்குப் பெரிய ஆறுதல்.

எங்கே நிறுத்த வேண்டும்

வெற்று நாற்காலியைப் பற்றிச் சொல்வதாக எழுதினேன். என் இரண்டாம் ஆண்டில், ஒரு நாள் பட்டறையில் கற்றதை நம்பி, தம்பியை இழந்த ஒருவரை நாற்காலியில் தம்பி இருப்பதாக நினைத்துப் பேசச் சொன்னேன். அவர் பேசத் தொடங்கினார், பிறகு உடைந்துபோனார். ஒன்றரை மணி நேரம் அழுதார். அவரைத் திரும்பக் கூட்டிவர எனக்குப் பயிற்சி இல்லை, தண்ணீர் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் ஓர் உளவியல் ஆலோசகரிடம் அனுப்பிவைத்தேன், நானும் அவருடன் போனேன். அந்த உத்தி முறையான பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்களுடையது. கோச்சிங்கில் அதைத் தொடாதீர்கள்.

தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் குறைந்திருந்தால், வாழ்வதில் அர்த்தமில்லை என்ற பேச்சு வந்தால், பழைய வன்முறை ஒன்றின் சீட்டு மேசைக்கு வந்தால், சீட்டுகளை மெதுவாக ஒதுக்கிவைத்துவிட்டு, அதை நேராகக் கேளுங்கள். உயிருக்கு ஆபத்து இருப்பதாகத் தோன்றினால் அன்றே மருத்துவரிடமோ உதவி எண்ணிலோ சேர்த்துவிடுங்கள். மற்றவற்றில் மனநல நிபுணரிடம் அனுப்புங்கள்.

சந்திப்பை முடிப்பது

மேசையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அவர் அனுமதித்தால். சீட்டுகளை உறையில் போட்டு அவரிடமே கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை படத்தைக் காட்டாமல், அதே சீட்டுகளை மறுபடி பரப்பச் சொல்லுங்கள். பரப்பி முடித்த பிறகு படத்தைப் பக்கத்தில் வையுங்கள். எந்தச் சீட்டு நகர்ந்திருக்கிறது, எது உறையிலேயே தங்கிவிட்டது, எது புதிதாக வந்திருக்கிறது என்று அவரே சொல்வார்.

தனக்குத்தானே செய்ய விரும்புபவர்கள் இரவில் பரப்பிவைத்துவிட்டுப் படுத்துவிடுங்கள். காலையில் மேசையின் எதிர்ப்பக்கம் போய் நின்று பாருங்கள். சீட்டுகள் தலைகீழாக இருக்கும், உடனே படிக்க வராது. எவை கொத்தாகக் கிடக்கின்றன, எது தனியே ஒதுங்கிக் கிடக்கிறது, நடுவில் எங்கே காலியிடம் என்பது மட்டும் முதலில் தெரியும். அதை ஒரு தாளில் புள்ளிகளாக வரைந்துகொண்ட பிறகு, இந்தப் பக்கம் வந்து படியுங்கள்.